தனிப்பள்ளியா, பொதுப்பள்ளியா? – "பொதுப்பள்ளியே!" என்ற அணியில் பேசியது

நாமக்கல் மலைக்கோட்டைக்குக் கீழே இந்த மண்டபம் கொள்ளாமே வந்து உட்கார்ந்திருக்கின்ற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னாலே தட்டிலே சோறு ஆறிப்போறது தெரியாமே பார்த்துக்கிட்டிருக்கிற அன்பர்களே! (கைதட்டல்)

எனக்கு முன்னாலே பேசிய எதிர் அணி அம்மா எல்லாரையும் அழ வெச்சுட்டுப் போயிட்டாங்க. சிறப்புக் கவனம் வேண்டிய பிள்ளைக்குத் தனிப்பள்ளிதான் தாய்மடி, பொதுப்பள்ளி மாற்றாந்தாய் வீடுன்னு ஒரு போடு போட்டாங்க. நானும்தான் கண்ணைத் துடைச்சேன். துடைச்சிட்டு யோசிச்சேன். தாய்மடி வேணும்தான், யாரும் வேண்டாங்கலே. ஆனா அந்த மடிக்குப் போறதுக்கு ரெண்டு பஸ் மாறணும், விடுதியிலே விடணும், மாசம் ஒரு தடவைதான் பெத்த தாயைப் பார்க்கணும்னா அது என்ன மடிங்க?

நம்ம ஊருக்கு வருவோம். 1997 ஜனவரி முதல் தேதிக்கு முன்னாடி நாமெல்லாம் ஒரே சேலம் மாவட்டம். பிரிச்சதுக்கு அப்புறம் சேலத்துக்கு மாம்பழமும் கொலுசும் போச்சு, நாமக்கல்லுக்கு முட்டையும் லாரியும் வந்துச்சு. கூடவே இன்னொண்ணும் வந்துச்சு: மார்க்கு! (சிரிப்பு) வெளியூர்க்காரன் நம்ம பள்ளிக்கூடங்களைப் பிராய்லர் பண்ணைன்னு கேலி பண்ணுவான். அது பழைய சிரிப்பு, நான் சொல்ல வந்தது வேற. முட்டைப் பண்ணையிலே தரம் பிரிக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? ஒரு அட்டைக்கு முப்பது முட்டை. பெருசு ஒரு பக்கம், சிறுசு ஒரு பக்கம். கீறல் விட்டது தனியா ஒரு ஓரம். அந்தக் கீறல் முட்டை அட்டையிலே ஏறாது. பேக்கரிக்காரன் வந்து பாதி விலைக்கு அள்ளிக்கிட்டுப் போவான்.

2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் என்ன சொல்லுது? தொடக்கப் பள்ளியிலே முப்பது பிள்ளைக்கு ஒரு ஆசிரியர். அதே முப்பது, அதே அட்டை! நாமளும் அதே மாதிரிதான் பிரிச்சோம்.

நான் ராசிபுரம் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியிலே தமிழாசிரியரா இருந்து ஓய்வு பெற்றவன். ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்தா எங்க வாசல்லே ஒரு கூட்டம் நிக்கும். பெரிய பெரிய தனியார் பள்ளியிலே ஒன்பதாவது வரைக்கும் படிச்ச பிள்ளைங்க. கையிலே டி.சி. கேட்டா, "இங்கிலீஷ் மீடியம் ஒத்துக்கலீங்க சார்" என்பார் அப்பா. பையனைப் பார்த்தா தெரியும். நூற்றுக்கு நூறு தேர்ச்சின்னு போர்டு வைக்கணுமே, அதுக்காகக் கழிச்ச கீறல் முட்டை! 2017லே இருந்து மாநிலத்திலே முதல் இடம், ரெண்டாம் இடம்னு பேர் அறிவிக்கிறதை அரசாங்கம் நிறுத்திடுச்சு. நல்ல காரியம்தான். ஆனா போர்டு நின்னுதா? (சிரிப்பு) இப்போ எதிர் அணியைக் கேக்கிறேன். கழிக்கிறதுக்கு ஏற்கனவே இங்கே ஆள் இருக்கு. தனிப்பள்ளிதான் சரின்னு நீங்களும் தீர்ப்பு வாங்கிக் குடுத்துட்டா, "பாருங்க, பட்டிமன்றத்திலேயே சொல்லிட்டாங்க, வேற இடம் பாருங்க" என்று கும்பிடு போட்டு அனுப்பிடுவாங்களே!

சரி, ஊரைக் குத்தம் சொன்னேன். இனி என் குத்தத்தைச் சொல்லணும்.

ஏழாம் வகுப்பிலே எங்கிட்ட ஒரு பையன் படிச்சான். பேர் வேண்டாம். அவங்க அம்மா சேகோ ஃபாக்டரியிலே கிழங்கு தோலு உரிக்கிற வேலை. பையன் கையெழுத்து இருக்கே, முத்து முத்தா இருக்கும். கரும்பலகையிலே நான் எழுதினதை ஒரு புள்ளி விடாமே எழுதியிருப்பான். நான் சிவப்பு மையிலே "நன்று, நன்று" என்று கையெழுத்துப் போடுவேன். ரெண்டு வருஷம் போட்டேனுங்க. அவன் நோட்டைத்தான் அதிகாரி வந்தா எடுத்துக் காட்டுவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை. வட்டார வள மையத்திலே இருந்து சிறப்புப் பயிற்றுநர் ஒரு அம்மா வருவாங்க. வேற ஒரு பிள்ளையைப் பார்க்க வந்தவங்க, சும்மா இவன் நோட்டை எடுத்து, "கண்ணு, நீ எழுதினதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டு" என்றாங்க. பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். நான்தான் சத்தம் போட்டேன், "படிடா, வாயிலே என்ன கொழுக்கட்டையா?" என்று. அவன் மெதுவாச் சொன்னான், "எழுதத்தானுங் சார் தெரியும். படிக்கத் தெரியாதுங்."

அவன் எழுதலே. வரைஞ்சான். கோலம் போடறவங்க புள்ளி பார்த்துப் போடற மாதிரி எழுத்தைப் பார்த்து வரைஞ்சிருக்கான். ரெண்டு வருஷமா நான் படத்துக்கு "நன்று" போட்டிருக்கேன். தமிழாசிரியர் நான்! எனக்கு அன்னிக்கு எங்கே போய் முகத்தை வெச்சுக்கிறதுன்னு தெரியலே.

அந்த அம்மா எனக்குப் பாடம் எடுத்தாங்க. "அய்யா, 'கொ' என்கிற எழுத்தை எடுத்துக்குங்க. காதுக்கு முதல்லே 'க்', அப்புறம் 'ஒ'. ஆனா கண்ணுக்கு முதல்லே கொம்பு வருது, நடுவிலே 'க', கடைசியிலே கால். காது ஒரு வரிசை கேக்குது, கண்ணு ஒரு வரிசை பார்க்குது. உங்களுக்கும் எனக்கும் அது தானா ஒட்டிக்கிச்சு. இவனுக்கு ஒட்டலே. மூளை மந்தம் இல்லே, இவன் கணக்கை வாயாலே சொன்னா டக்குன்னு போடறான் பாருங்க" என்றாங்க. முப்பத்தஞ்சு வருஷம் 247 எழுத்தையும் சொல்லிக் குடுத்தவன் நான். அதை அன்னிக்குத்தான் கவனிச்சேன்.

உப்புத்தாளை எழுத்து மாதிரி வெட்டி, விரலாலே தடவச் சொல்லி, தடவிக்கிட்டே வாயாலே சத்தம் சொல்லச் சொன்னாங்க. சொல்லைக் கைதட்டித் துண்டு துண்டாப் பிரிக்கச் சொன்னாங்க. ஒண்ணும் மந்திரம் இல்லே. பொறுமையும் பயிற்சியும்தான். ஆனா எப்போ? செவ்வாய்க்கிழமை மட்டும்! அந்த அம்மாவுக்கு ஆறு பள்ளிக்கூடம். அது போக வீட்டிலே படுத்த படுக்கையா இருக்கிற பிள்ளைங்களுக்கு வீட்டுவழிப் பயிற்சி. டவுன் பஸ்ஸிலே மாறி மாறி வருவாங்க. சம்பளம் தொகுப்பூதியம், நிரந்தரம் கிடையாது. செவ்வாய்க்கிழமை முகாம் வந்துட்டா வர மாட்டாங்க. தைப்பூசம் செவ்வாய்க்கிழமை வந்தா வர மாட்டாங்க. கணினியிலே விவரம் ஏத்தற வேலை வந்துட்டா அந்த மாசமே போச்சு.

நடுவர் அய்யா, ஒரு பிள்ளைக்குப் பசிக்குது. சத்துணவிலே செவ்வாய்க்கிழமை மட்டும்தான் சோறுன்னு சொன்னா இந்த நாடு சும்மா இருக்குமா? முட்டையும் சோறும் பள்ளிக்கூட நாள் தவறாமே போட்டுக் காட்டின நாடுங்க இது! (கைதட்டல்)

அடுத்தது சான்றிதழ். வருஷா வருஷம் மருத்துவ முகாம் நடக்கும். எங்க பள்ளியிலே ஒரு பெண் குழந்தை. எதையும் நாலு தடவை சொன்னாத்தான் பிடிபடும். தங்கமான பிள்ளை. அவளையும் அவங்க அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போனேன். அந்த அம்மாவுக்கு அன்னிக்குக் கூலி போச்சு. சோதிச்சுப் பார்த்தாங்க. ரொம்பக் குறைவும் இல்லே, சராசரியும் இல்லே, நடுவிலே ஒரு கோடு இருக்கே, அந்தக் கோட்டு மேலே நிக்கிறா. சட்டக் கணக்குப்படி அதுக்கு 25 சதவீதம். சலுகை கிடைக்க 40 சதவீதம் வேணும். அந்த அம்மா எங்கிட்டக் கேட்டாங்க, "ஏனுங் சார், பரீட்சைக்கு முப்பத்தஞ்சு போதும்பீங்க, இதுக்கு நாற்பதுங்களா? எம் புள்ள இதுலயும் ஃபெயிலுங்களா?"

சிரிக்கிறீங்க. நானும் அங்கே சிரிச்சுட்டேன். பஸ்ஸிலே வரும்போதுதான் நெஞ்சு அடைச்சுது. டாக்டர் மேலே தப்பு இல்லைங்க, அவர் அளவுகோலை வெச்சு அளந்தார். 1995ஆம் வருஷத்துச் சட்டத்திலே ஏழு வகைக் குறைபாடு. 2016ஆம் வருஷத்துச் சட்டத்திலே இருபத்தொரு வகை. கற்றல் குறைபாடும், ஆட்டிசமும் பட்டியல்லே ஏறிச்சு. நல்லதுதான். வார்த்தையும் மாறிச்சு, ஊனமுற்றோர் போய் மாற்றுத்திறனாளி வந்தாச்சு. ஆனா இருபத்திரண்டாவதா என் பள்ளிக்கூடத்திலே ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கே, அதுக்கு என்ன வழி? தனிப்பள்ளிக்காரங்களே, உங்க தனிப்பள்ளியிலே அந்த 25 சதவீதத்தைச் சேர்த்துக்குவீங்களா? சான்றிதழ் கேப்பீங்க! அவளுக்கு இருக்கிறது பொதுப்பள்ளி ஒண்ணுதான்.

இங்கிலாந்திலே மேரி வார்னாக் என்கிற அம்மா தலைமையிலே ஒரு குழு. 1978லே அறிக்கை குடுத்தாங்க. அப்போ தனிப்பள்ளியிலே இருந்த பிள்ளைங்க நூத்துக்கு ரெண்டு பேர் அளவுதான். குழு என்ன சொல்லிச்சு? படிக்கிற காலத்திலே ஏதோ ஒரு கட்டத்திலே அஞ்சிலே ஒரு பிள்ளைக்குக் கூடுதல் உதவி தேவைப்படும், ஆகவே குறைபாட்டின் பேரைப் பார்க்காதே, தேவையைப் பார் என்று சொல்லிச்சு. அஞ்சிலே ஒண்ணுன்னா நம்ம அட்டையிலே ஆறு! ஆறு முட்டையைக் கழிச்சா எந்தப் பண்ணை ஓடும்?

எதிர் அணித் தம்பி கை தூக்கறார், தெரியுது. 2005லே அதே வார்னாக் அம்மா, "எல்லாரையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவர்றது அளவு மீறிப் போச்சு, தனிப்பள்ளியும் வேணும்" என்று எழுதினாங்களே, அதைத்தானே சொல்லப் போறீங்க? நானே சொல்லிட்டேன், உக்காருங்க தம்பி. (சிரிப்பு) அந்த அம்மா பயந்ததிலே நியாயம் இருக்கு. ஆள் இல்லாமே, உதவி இல்லாமே பிள்ளையைக் கொண்டு வந்து கடைசி பெஞ்சிலே உட்கார வெச்சுட்டு, "சேர்த்தாச்சு" என்று கணக்கு எழுதினா, அது கல்வி இல்லே, பாரம் ஏத்தறது. காது கேளாத பிள்ளைக்கு சைகை மொழி தெரிஞ்ச நண்பனும் ஆசிரியரும் வேணும். பாளையங்கோட்டையிலே பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியிலே ஃபிளாரன்ஸ் சுவைன்சன் என்கிற அம்மா ஆரம்பிச்ச பள்ளிக்கூடம் எத்தனை தலைமுறைக்கு வாழ்வு குடுத்திருக்கு! அதை இழுத்து மூடுன்னு சொல்ல நான் முட்டாள் இல்லே.

ஆனா 2016 சட்டம் பக்கத்துப் பள்ளியா, தனிப்பள்ளியா, விருப்பப்படி தேர்ந்தெடுத்துக்கன்னு சொல்லுது. விருப்பம்! கொல்லிமலை மேலே எழுபது கொண்டை ஊசி வளைவு தாண்டி இருக்கிற ஒரு பிள்ளைக்கு எது விருப்பம்? டவுனிலே இருக்கிற தனிப்பள்ளிக்குத் தினம் வந்து போக முடியுமா? அஞ்சு வயசிலே விடுதியிலே விடணும். அதுக்குப் பேர் விருப்பமா? பக்கத்துப் பள்ளியிலே ஆள் இருந்தாத்தான் அது விருப்பம். இல்லேன்னா கட்டாயம்.

இத்தாலிக்காரன் 1977லே சட்டம் போட்டான். பிள்ளைங்களைப் பொதுவான வகுப்புக்கே கொண்டு வந்து, அந்த வகுப்புக்குள்ளேயே துணை ஆசிரியரை அனுப்பினான். பிள்ளை ஆசிரியரைத் தேடிப் போகலே, ஆசிரியர் பிள்ளையைத் தேடி வந்தார். அங்கேயும் குறை உண்டு, இல்லேன்னு சொல்லலே. ஆனா எது எதைத் தேடிப் போகணும் என்கிறதிலே அவங்களுக்குக் குழப்பம் இல்லே.

நம்ம உச்ச நீதிமன்றமும் சொல்லியாச்சு. 2021 அக்டோபரிலே ஒரு தீர்ப்பு. தொடக்கப் பள்ளியிலே இப்படிப்பட்ட பத்துப் பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதுக்கு மேல் வகுப்பிலே பதினைஞ்சு பிள்ளைக்கு ஒருத்தர். 2025 மார்ச்சிலே மறுபடியும் கூப்பிட்டு, எத்தனை பணியிடம்னு மாநிலங்கள் எல்லாம் அறிவிங்கன்னு கெடு வெச்சாங்க. மூணு வருஷத்துக்கு மேலே ஆகியும் எண்ணிக்கையையே கேக்க வேண்டியிருந்துச்சு பாருங்க! இதுக்கு நடுவிலே 2024-25லே மத்திய அரசுக்கும் நம்ம மாநிலத்துக்கும் தகராறு. பள்ளிக் கல்வித் திட்டத்துப் பணம் 2,152 கோடி ரூபாய் வரலேன்னு மாநில அரசு வழக்கு வரைக்கும் போச்சு. அரசியல் பேச நான் வரலே. ரெண்டு யானை மோதினா யார் சம்பளம் முதல்லே தள்ளிப் போகும்? திட்டத்துப் பணத்திலே தொகுப்பூதியம் வாங்கறவங்க சம்பளம். அவங்க பஸ்ஸுக்குக் காசு இல்லேன்னா செவ்வாய்க்கிழமை யாருக்குப் போச்சு?

கட்டடத்துக்குப் பணம் சுலபமா வருதுங்க. சாய்தளம் கட்டினாங்க எங்க பள்ளியிலே. அழகான சாய்தளம், கம்பி பிடி எல்லாம் வெச்சு. வகுப்பறைக்கு ஏறலாம், சரி. கழிப்பறைக்கு மூணு படி! (சிரிப்பு) அந்தச் சாய்தளத்தை யார் உபயோகிச்சாங்கன்னு கேளுங்க. ஒளிக்க மாட்டேன், மழை பெய்யும்போது என் டி.வி.எஸ். ஃபிப்டியை அதிலேதான் ஏத்தி நிறுத்துவேன். (பலத்த சிரிப்பு) நலம் நாடின்னு ஒரு கைப்பேசிச் செயலி 2022லே வந்துச்சு. வகுப்பாசிரியரே பிள்ளைங்களைக் கவனிச்சு, சந்தேகம் இருந்தா அதிலே பதியலாம். நல்ல ஏற்பாடு, என் காலத்திலே இருந்திருந்தா ரெண்டு வருஷம் "நன்று" போட்டிருக்க மாட்டேன். ஆனா செயலி கண்டுபிடிச்சுக் குடுக்கும். உப்புத்தாளிலே எழுத்து வெட்டிக் குடுக்குமா?

அய்யா மணி அடிச்சுட்டீங்க. பத்தாம் வகுப்புப் பரீட்சையிலே இந்தப் பிள்ளைங்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் குடுக்கறாங்க, எனக்கு ரெண்டு நிமிஷம் குடுங்க. (சிரிப்பு, கைதட்டல்)

அந்தப் பையன் கதையை முடிக்கணும். ஒரு வருஷம் நாலு மாசம் செவ்வாய்க்கிழமைதோறும் படிச்சான். சின்னச் சின்ன வாக்கியம் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிச்சான். அப்புறம் அந்த அம்மாவை வேற வட்டாரத்துக்கு மாத்திட்டாங்க. இவனுக்கு யாரும் சொல்லலே. செவ்வாய்க்கிழமை வந்தா சாப்பாட்டு மணிக்கு அப்புறம் வேப்பமரத்தடியிலே உப்புத்தாள் டப்பாவை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். நான் ஓய்வு பெற்றுப் போறப்போ பத்தாவதுக்கு வந்திருந்தான். சொல்வதை எழுதுபவர் வெச்சுப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினான்னு அப்புறம் கேள்விப்பட்டேன்.

போன மாசம் நாமக்கல்லிலே திருச்சி ரோட்டுப் பக்கம் லாரி பாடி கட்டுற பட்டறைக்கு ஒரு வேலையாப் போனேன். ஒருத்தன் லாரி நெத்தியிலே பேர் எழுதிக்கிட்டிருந்தான். எழுத்தைப் பார்த்ததும் ஆளைத் தெரிஞ்சு போச்சு. அதே முத்து! இறங்கி வந்து, "சாருங்க, நல்லா இருக்கீங்களா?" என்றான். எதிர் அணிக்காரங்க உடனே, "பார்த்தீங்களா, ஒவ்வொரு பிள்ளைக்குள்ளேயும் ஒரு திறமை ஒளிஞ்சிருக்கு" என்பாங்க. வேண்டாங்க அந்த ஆறுதல். கையெழுத்து கோணலா இருந்திருந்தாலும் அவனுக்குப் படிக்கச் சொல்லிக் குடுக்க வேண்டியது என் கடமைதானே? திறமை இருந்தாத்தான் பெஞ்சிலே இடமா?

"இப்போ படிக்கிறியாடா?" என்று கேட்டேன். லாரியைக் காட்டி, எழுத்து மேலே விரலை வெச்சு, தடவித் தடவி, நிறுத்தி நிறுத்தி, 'கொங்கு நாடு' என்று படிச்சான். அந்தக் 'கொ'வைச் சரியாச் சொன்னானுங்க. அப்புறம் தயங்கித் தயங்கி ஒண்ணு கேட்டான். "சார், எங்க அக்கா பையன் மூணாவது படிக்கிறானுங். அவனும் பார்த்துத்தான் எழுதறான், படிக்க மாட்டேங்கறான். நோட்டிலே எல்லாம் 'நன்று'ன்னு போட்டிருக்காங்க. அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் செவ்வாய்க்கிழமை டீச்சர் வருவாங்களா சார்?"

என்னாலே பதில் சொல்ல முடியலே. நடுவர் அய்யா, உங்க தீர்ப்பிலே அவனுக்கு ஒரு பதில் சொல்லுங்க. (நீண்ட கைதட்டல்)